உழைப்பின் பயன் உழைத்தவர்க்கே
(ஜூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



உழைத்தால் உயரலாம் என்று மேடைதோறும் கேட்டிருக்கிறோம். ஆனால் பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்று அதைச் சொல்லச் சற்றுத் தயக்கமாகவே இருக்கிறது. உழைப்பு நமக்குப் புதிதன்று. நள்ளிரவில் வலையெடுத்துப் புறப்படுகிறவர்களும், விடியுமுன் மீன்கூடையோடு பேருந்துக்கு ஓடுகிற தாய்மார்களும், சேற்றுநீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களும் நம் நடுவே இருக்கிறார்கள். இவ்வளவு உழைத்தும் வீட்டில் மிச்சம் இல்லையே, ஏன்?

முகத்துவாரம் மணல் மூடுவதால் ஏரியின் வளம் குறைகிறது என்பது உண்மையே. ஆயினும் வேறொரு காரணமும் உண்டு. வலைக்கும் படகுக்கும் ஒருவரிடம் முன்பணம் வாங்கினால், பிடித்த மீனை அவரிடமே கொடுத்தாக வேண்டும். அவர் சொன்னதே விலை. உழைப்பு நம்முடையது, விலை சொல்லும் உரிமை மற்றவருடையது. இந்நிலையில் இரட்டிப்பாக உழைத்தாலும் அதன் பயன் நம் வீடு வந்து சேராது.

இதே துன்பத்தைத் தெற்கே நம் மீனவ சகோதரர்கள் எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பதைக் கேளுங்கள். திருவனந்தபுரத்தை அடுத்த மரியநாட்டிலும், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களிலும் 1970களில் மீனவர்கள் ஊருக்கு ஊர் சங்கம் கண்டார்கள். பிடித்த மீனைக் கரையில் சங்கமே ஏலம் விட்டது. எதிர்ப்பு வந்தது, அவர்கள் பின்வாங்கவில்லை. சங்கம் கொடுத்த கடனுக்கு மாதத் தவணை இல்லை. அன்றன்று விற்ற பணத்தில் ஒரு பங்கு கடனுக்கும், ஒரு சிறு பங்கு சேமிப்புக்கும் பிடிக்கப்பட்டது. மீன் படாத நாளில் தவணையும் இல்லை. மீனவன் வாழ்க்கையை அறிந்தவர்கள் வகுத்த முறை அது! 1980இல் இச்சங்கங்கள் ஒன்றுகூடித் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பை நிறுவின. கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் அரிதானபோது, முட்டத்தில் ஒட்டுப்பலகையால் படகு கட்டினார்கள். கடலில் ஓட்டிப் பார்த்து, குறை கண்டு, மாற்றி மாற்றிக் கட்டியே அதைச் சீர்ப்படுத்தினார்கள். இன்று அக்கூட்டமைப்புக்குச் சொந்தமாகப் படகுத் தளங்கள் உண்டு.

இதில் விடாமுயற்சி எங்கே இருக்கிறது? வலை வீசுவதில் மட்டும் அன்று. சங்கத்து ஏலத்தில் விலை சற்று இறங்கிய நாளில், வெளியே ஒருவர் நாலு ரூபாய் கூட்டித் தருகிறேன் என்று காதோடு சொல்வார். அன்று அவரிடம் போகாமல் சங்கத்தில் நிற்பதுதான் விடாமுயற்சி. சங்கங்கள் புயலில் அழிவதைவிட, இப்படி ஒவ்வொருவராய் நழுவுவதாலேயே அழிகின்றன.

ஒன்றுபட நமக்குத் தெரியாதா? கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் நம் முன்னோர் வகுத்த பாட்டு முறை உண்டு. ஏரியில் நல்ல இடத்தை வலுத்தவன் ஒருவனே வளைத்துக்கொள்ளாமல், முறைவைத்துப் பாடு இறங்குகிறோம். எந்த அதிகாரியும் வந்து கற்றுக்கொடுத்த முறை அன்று அது. தண்ணீரில் முறை காக்கத் தெரிந்த நாம், கரையேறியதும் தனித்தனி ஆளாகி விலை பேச நிற்கிறோம். தண்ணீரில் உள்ள ஒற்றுமை தராசடியிலும் வேண்டும்.

இராயப்பரும் இரவெல்லாம் பாடுபட்டு வெறும் வலையோடு திரும்பியவர்தாம். ஆண்டவர் சொற்படி மீண்டும் வலை வீசினார் என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். வலை கொள்ளாமல் மீன் பட்டபோது, மற்றப் படகிலிருந்த கூட்டாளிகளைக் கைகாட்டி அழைத்தார் என்பதையோ மறந்துவிடுகிறோம். இரண்டு படகும் சேர்ந்தே அந்தப் பாடு கரை சேர்ந்தது.

ஆகவே இந்த ஜூபிலி ஆண்டில் சிறிதாகவே தொடங்குவோம். பத்துக் குடும்பங்கள் சேரட்டும். நாள்தோறும் சிறு தொகை சேமிக்கட்டும். நண்டையும் இறாலையும் ஒரே தராசில் நிறுத்து, ஒரே குரலில் விலை கேட்கட்டும். கூடை சுமக்கும் தாய்மார்களுக்கும் அதில் சம உரிமை இருக்கட்டும். கணக்குப் புத்தகம் யார் கேட்டாலும் திறந்து காட்டப்படட்டும். முதலாண்டில் இலாபம் வராமற் போகலாம், அப்போதும் கலையாதிருப்போம்.

இந்த ஏரி நம்மை இத்தனை தலைமுறை வாழவைத்தது. அடுத்த தலைமுறை கடனோடு பிறவாதிருக்க வழிசெய்வது நம் கடமை. இறைவன் நம் முயற்சியை ஆசீர்வதிப்பாராக.