வரைபடத்தில் நம்ம தெரு எங்கே இருக்கு?

(சாணார்பட்டியில் மாணவர்களும் தோழர்களும் கூடிய வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். கட்டட விதியைப் பற்றிப் பேசுறேன் என்று சொன்னதும் கூப்பிட்ட தோழருக்கு முகம் சுருங்கிப்போச்சு. 1927இல் பாபாசாகேப் மனுஸ்மிருதியைக் கொளுத்தினார் என்பதை நாம் மேடைக்கு மேடை சொல்கிறோம். அந்த மனுவின் வேலையை இன்றைக்குச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிற அரசிதழ் அறிவிப்புகளை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்?

திண்டுக்கல்லிலிருந்து இங்கே வருகிற ரோட்டுக்கு நத்தம் ரோடு என்று பெயர். நத்தம் ஓர் ஊர். வருவாய்த்துறைக் கணக்கில் நத்தம் என்றால் ஆள் குடியிருக்கிற நிலம். பழைய கணக்கில் ஊர் நத்தம் தனி, சேரி நத்தம் தனி. பிரிவினையைக் கண்டுபிடித்தவன் வெள்ளைக்காரன் இல்லை. ஏற்கெனவே பிரிந்து கிடந்ததை அளந்து, கல் நட்டு, நம்பர் போட்டான். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையைப் படித்தால் தெரியும், சேரிக்காரன் குடிசை போட்டிருந்த மண்ணுக்கும் மிராசுதாரன் சொந்தம் கொண்டாடினான். எதிர்த்துப் பேசினால் வீட்டை விட்டே விரட்டலாம். அந்த அறிக்கையின் பின்னால்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலம் யார் கையில் போச்சு என்பதற்குத் தனிக் கூட்டம் போடணும்.

இன்றைக்கு நான் கேட்கிற கேள்வி சின்னது. ஊரைத் திட்டமிடுகிற சட்டமும் விதியும் அடிக்கடி மாறுகிறது, திருத்தப்படுகிறது. அப்படித் திருத்தும்போது நாம் எங்கே இருந்தோம்?

தேதிகளைப் பாருங்கள். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. 1958ஆம் வருடப் பஞ்சாயத்துச் சட்டத்தை எடுத்துவிட்டு 1994இல் புது ஊராட்சிச் சட்டம் வந்தது. இட ஒதுக்கீடும் கிராம சபையும் அதிலேதான் உறுதியாச்சு. ஊராட்சிக் கட்டட விதிகள் 1997. இதுவரைக்கும் சரி. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பர் வரைக்கும் தேர்தல் இல்லை. மூணு வருடத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. அந்த இடைவெளியில் என்ன நடந்தது தெரியுமா? 2017இல் அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள். 2019 பிப்ரவரியில் மாநகராட்சி முதல் கிராம ஊராட்சி வரைக்கும் ஒரே கட்டட விதித் தொகுப்பு. அதே வருடம், ஆதிதிராவிடர் மனைக்காக நிலம் எடுக்கிற 1978ஆம் வருடச் சட்டத்தை உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு உயிர்ப்பிக்க ஒரு சட்டம். மூன்றுமே நம் வாசல்படியைத் தொடுகிற விஷயம். அப்போது நமக்கு ஒரு வார்டு மெம்பர்கூடக் கிடையாது. தற்செயல் என்று சொல்லுவாங்க. 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு திண்டுக்கல் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்து மறுபடியும் தனி அலுவலர் வந்தார். இரண்டு தடவை நடந்தால் அதற்குத் தற்செயல் என்று நான் பெயர் வைக்க மாட்டேன்.

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த விதிகள் மனுஷ முகத்தோடு வரும். துப்புரவு வேலை பார்க்கிற ஒரு அக்கா வீட்டுக்கடன் கேட்டு வந்தாங்க. சம்பளம் இருக்கு, கடன் பாக்கி எதுவும் இல்லை. கையில் அரசு கொடுத்த மூணு சென்ட் ஒப்படைப் பட்டா. விற்கக் கூடாது, மாற்றக் கூடாது என்று அதிலே நிபந்தனை. மேலதிகாரி கேட்டார்: "பத்திரம் எங்கே? வில்லங்கம் எங்கே? அப்ரூவல் பிளான் எங்கே?" அக்கா என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, கவர்மெண்டு குடுத்த காயிதம் கவர்மெண்டு பேங்குல செல்லாதா?" என்றார். இதைவிட நல்ல கட்டுரையை நான் இதுவரை எழுதவில்லை.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2500 சதுர அடி மனைக்குள் 3500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. நம்ம மூணு சென்ட் 1300 சதுர அடிதான், அளவுக்குள் அடங்கிவிடும். ஆனால் கம்ப்யூட்டரில் ஏற்றக் காகிதம் வேணுமே. அப்பன் பேரில் பட்டா, நாலு பிள்ளைகள், பாகப்பிரிவினை வாய்வார்த்தையில். காகிதம் உள்ளவனுக்கு விதி லேசாகிக்கொண்டே போகிறது. இல்லாதவன் வீடு முன்னைவிட அதிகமாக 'விதிமீறல்' ஆகிறது.

யார் கட்டினால் மீறல், யார் கட்டினால் பாதுகாப்பு என்பதையும் பேசணும். உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவர் 2008 மே மாதம் வரைக்கும் நின்றது. அப்போதும் ஒரு பகுதிதான் இடிக்கப்பட்டது. மேட்டுப்பாளையம் நடூரில் வசதியான ஒருவர் வீட்டுச் சுற்றுச்சுவர் 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியுமுன் மழையில் சரிந்து 17 தலித்துகளைக் கொன்றது. மாநிலம் முழுக்கப் பொதுவான புதிய கட்டட விதி வந்து பத்தே மாதம். அந்தப் புத்தகத்தில் சுவருக்கும் இடம் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துத் தூங்குகிறவர்களுக்கு?

சுடுகாட்டுக்கு வருகிறேன். 1999ஆம் வருட விதிப்படி, குடியிருப்புக்கும் குடிநீருக்கும் 90 மீட்டருக்குள், உரிமம் பெற்ற இடம் தவிர வேறெங்கும் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. சரிதான், சுகாதாரம். அந்த இடத்துக்குப் பிணத்தைக் கொண்டுபோகிற பாதை யார் பட்டாவில் கிடக்கு என்று விதி கேட்கிறதா? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிப் பக்கம், பாதை மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். படத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சுடுகாட்டுக்கு நம்பர் போட்டுப் பாதைக்கு நம்பர் போடாமல் விட்டால் இதுதான் நடக்கும்.

பெயர் மாற்றுவதில் மட்டும் அரசுக்கு வேகம் உண்டு. தெருப் பெயர்களில் சாதியை நீக்கச் சொல்லி 1978இலேயே ஆணை. 2025 ஏப்ரல் 29ஆம் தேதி 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன், அந்தச் சொல்லால் பள்ளிக்கூடத்தில் பட்ட அவமானம் நமக்குத்தான் தெரியும். ஆனால் காலனி நகராகிவிட்டால் சாக்கடைச் சரிவு மாறுமா? ஊர்த் தண்ணி எந்தப் பக்கம் ஓடிவந்து தேங்குதோ அந்தப் பக்கம்தானே நம்மைக் குடிவைத்தார்கள்!

இங்கே மலிவாகச் சிலர் பேசுகிறார்கள், ஊராட்சியைப் பேரூராட்சி ஆக்கினால் எல்லாம் சரியாகும் என்று. நகரம் நமக்கு விடுதலை என்று நானும் நம்புகிறவன்தான். கிராமத்தை அரசியல் சட்டத்தின் அலகாக வைக்கக் கூடாது என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் வாதாடியவரின் பிள்ளைகள் நாம். ஆனாலும் கணக்குப் பார்க்கணும். ஊரக வேலைத் திட்டம், அதன் பெயர் என்னவாக மாறினாலும், ஊரகத்துக்கு மட்டும்தான். பேரூராட்சியானால் நம்ம பொம்பளையாளுகளுக்கு அந்தக் கூலி போச்சு. கிராம சபையும் போச்சு. சொத்துவரி ஏறும். அந்த இழப்புக்கு எதிரே என்ன வருகிறது என்று எழுத்தில் கேட்காமல் கைதட்டாதீர்கள்.

கிராம சபையில் பேசினால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கும் தெரியும். நத்தத்தைத் தாண்டினால் மேலூர்ச் சீமை. ஒதுக்கீட்டில் ஜெயித்த குற்றத்துக்காக மேலவளவு முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் 1997 ஜூன் 30ஆம் தேதி வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரைக்கும் பத்து வருடம் தலைவர் நாற்காலியில் தலித் உட்கார முடியவில்லை. ஆகவே தனி ஆளாய் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. இருபது பேராய்ப் போங்கள்.

போகும்போது கையில் காகிதம் இருக்கட்டும். கிராம வரைபடத்தின் நகல், அ-பதிவேட்டு நகல், புலப்பட நகல். நம்ம தெரு எந்த சர்வே எண், ஓடை எது, சுடுகாட்டுப் பாதை எது என்று சிவப்பு மையில் கோடு போடுங்கள். வரைபடத்தில் இல்லாத பாதையைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லித் தீர்மானம் கேளுங்கள். வருடத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. பெருந்திட்டம் என்று ஒன்று இந்தப் பக்கம் நீண்டு வந்தால், ஆட்சேபணை சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் கொடுக்கணும் என்பது 1971ஆம் வருடச் சட்டம். அறிவிப்பு பேப்பரில் ஒரு மூலையில் வரும். டீக்கடையில் பேப்பர் படிக்கிற தம்பிகள் சினிமாப் பக்கத்துக்கு முன்னால் அந்த மூலையைப் படிக்கணும். மனு கொடுத்தால் நகலில் தேதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

அ-பதிவேட்டின் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வந்திருக்கிறேன். எந்தக் கலத்தில் புறம்போக்கு என்று எழுதுவார்கள், எந்தக் கலத்தில் பாதை என்று எழுதுவார்கள் என்று டீ வருவதற்குள் பார்த்துவிடலாம். பேனா வைத்திருப்பவர்கள் முன்னாடி வாங்க.