கனதொலுவ கற்பித்த பாடம்

வறுமை என்பது பொருளில்லாமை மட்டுமன்று. அடுத்த வேளை உணவுக்கு வழியற்றவன் பெரும்பாலும் தன் சொல்லைக் கேட்பாரும் இல்லாதவனாகவே இருக்கிறான். ஆதலால், வறுமையைப் போக்கப் புறப்படுவோர் அரிசி மூட்டையோடு சென்றாற் போதாது. அம்மக்களின் சொல்லைக் கேட்கும் பொறுமையோடும் செல்லுதல் வேண்டும். இவ்வுண்மையை இந்நாட்டிலே செயலிற் காட்டியோருள் பாடசாலை மாணவர் முதன்மையானோர் என்பது இன்றைய இளைஞர் அறியத்தக்கது.

1958ஆம் ஆண்டில், கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஏ. ரி. ஆரியரத்ன, 40 மாணவரையும் 12 ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு குருநாகல் மாவட்டத்திலுள்ள கனதொலுவ என்னும் கிராமத்துக்குச் சென்றார். அப்போது அவர் முப்பது வயதைத் தானும் எட்டாதவர். அக்கிராமத்தில் வாழ்ந்தோர் ரொடியா சமூகத்தவர். சிங்களச் சாதி அமைப்பில் மிகக் கீழே தள்ளப்பட்டு, தலைமுறை தலைமுறையாக இரந்துண்டு வாழுமாறு விதிக்கப்பட்டவர். அவர்களைத் தீண்டுவதும் அவர்களோடு உண்பதும் இழிவென்று கருதப்பட்டு வந்த சூழலில், தலைநகரின் பெயர்பெற்ற கல்லூரியொன்றின் மாணவர் அங்கே தங்கி, அம்மக்களோடு சேர்ந்து உழைத்தனர். இரப்பவர் என ஊரார் ஒதுக்கிய மக்கள், தம் கிராமத்தைத் தாமே திருத்தும் தொழிலாளராய் அம்மாணவர் அருகில் நின்றனர். கொடுப்பவர், பெறுபவர் என்ற பிரிவு அந்த வேலைத்தலத்திலே மங்கத் தொடங்கியது.

இம்முயற்சி சிரமதானம் எனப் பெயர்பெற்றது. சிரமம் என்பது உழைப்பு. தானம் என்பது கொடை. பொருளில்லாதவனும் கொடையாளியாகலாம் என்பதே இச்சொல்லின் சிறப்பு. பின்னர் விரிந்து வளர்ந்த சர்வோதய சிரமதான இயக்கம் வேலையோடு ஒரு கூடலையும் இணைத்துக்கொண்டது. வேலைக்கு வந்தோரும் ஊராரும் ஒரு குடும்பமாகக் கூடியிருந்து பேசுவர். முதியோரை அம்மா, அப்பா என்றும், ஏனையோரை அண்ணன், அக்காள், தம்பி, தங்கை என்றும் அழைப்பர். ஈகை, இன்சொல், பயன்தரு செயல், சமத்துவம் என்ற நான்கும் அக்கூடலின் ஒழுங்குகள். வெட்டிய பாதையினும் இந்த உறவுமுறைச் சொற்களே பெரிய வேலை செய்தன எனலாம்; உறவு கொண்டாடியவனை மறுநாள் தாழ்ந்தவன் என்று ஒதுக்குதல் எளிதன்று.

இவ்வியக்கம் ஏறத்தாழ 15,000 கிராமங்களை எட்டியது. ஆரியரத்ன 1969இல் மக்சேசே விருதையும், 1996இல் இந்திய அரசின் காந்தி அமைதிப் பரிசையும் பெற்று, 2024இல் காலமானார். ஆயினும் அவ்வியக்கத்தின் வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அது வளர வளர வெளிநாட்டு நன்கொடையிற் பெரிதும் தங்கலாயிற்று. 1990களில் அந்நிதி சுருங்கியபோது மிகவும் இடர்ப்பட்டது. வெளியிலிருந்து வருவது எவ்வளவு நன்மையானதாயினும், அது நின்றபின்னும் நிற்கக்கூடியது எது என்பதை முதலிலேயே ஆராய்தல் வேண்டும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இலங்கையில் வறியோர் தொகையைப் பெருக்கியது. இத்தகைய காலத்தில் இளைஞர் செய்யத்தக்கது யாது? சேர்த்த பணத்தில் உலருணவுப் பொதி வழங்குதல் நன்றே. ஆனால் பொதி தீர்ந்தபின் வீட்டின் நிலை முன்போலவே இருக்கும். எனவே, முதலில் ஊரைக் கற்க வேண்டும். எந்தக் கிணறு எந்த மாதத்தில் வற்றுகிறது, எந்த வீட்டுப் பிள்ளை எதற்காகப் பாடசாலைக்கு வரவில்லை, எவர் எவரிடம் என்ன வட்டிக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பவற்றை வீட்டாரிடமே பணிவோடு கேட்டறிதல் வேண்டும்.

வட்டியை எடுத்துக்கொள்வோம். வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடனால் நொந்த பெண்கள் பலர். 10,000 ரூபா கடனை மாதம் 1,200 ரூபா வீதம் பத்து மாதங்களிற் கட்டவேண்டுமெனில், மாதவட்டி 2 வீதம் என்றே சொல்லப்படும். ஆனால் முதல் மாதந்தோறும் குறைந்து வர, வட்டியோ முழுத்தொகைக்கும் அறவிடப்படுகிறது. உண்மையில் அவ்வட்டி மாதத்துக்கு 3 வீதத்தையும் கடந்துவிடும். உயர்வகுப்பு மாணவன் ஒருவன் தான் கற்ற கணக்கைக் கொண்டு இதனை ஒரு தாய்க்கு விளக்குவானாயின், அடுத்த கடன் பத்திரத்திற் கையொப்பமிடுமுன் அவள் கேட்கவேண்டிய கேள்வியை அவளிடம் கொடுத்தவனாவான். பத்துப் பெண்கள் கூடிச் சிறு சேமிப்புச் சங்கமொன்றைத் தொடங்கும்போது, அதன் கணக்கேட்டை எழுதப் பழக்குவதும் அவனால் இயலும்.

இவ்வாறு கேட்டறிந்தவற்றைச் சனசமூக நிலையத்திலோ கோயில் முன்றிலிலோ ஊரார் முன் வைத்து, இரண்டாகப் பிரித்தல் வேண்டும். கிணற்றைத் தூர்வாருவதும் ஒழுங்கையைச் செப்பனிடுவதும் ஊரார் கையாலே ஆவன. பாலமும் மருந்தகமும் பிரதேச சபையையும் அரசாங்கத்தையும் கேட்டுப் பெறவேண்டியன. பின்னதை ஊரார் தலையிற் சுமத்துவது அநீதி. முன்னதற்கும் அரசாங்கத்தையே பார்த்திருப்பது சோம்பல். இந்த வேறுபாட்டை உணர்ந்து, ஒன்றிற்கு மண்வெட்டியும் மற்றொன்றிற்கு மனுவும் எடுக்கத் தெரிந்த இளைஞனே ஊருக்குப் பயன்படுவான்.

இவையெல்லாம் படிப்பைக் கெடுக்கும் என்று பெற்றோர் அஞ்சலாம். வட்டிக் கணக்கைத் தாயொருத்தியின் கடனிற் கண்டவன் அதனை எளிதில் மறவான். பரீட்சையிற் பின்தங்கிய பிள்ளையும் கிணற்றடியில் முன்னிற்கக்கூடும்; தன்னாலும் ஒன்று ஆகும் என்று அவன் அறியும் நாள் அவனுக்குப் பெருநாள். கனதொலுவக்குச் சென்ற மாணவர் அக்கிராமத்தை மட்டுமன்றித் தம்மையும் திருத்திக்கொண்டனர். அத்தகைய கிராமங்கள் இன்றும் உள. அங்கே செல்லும் பாதையை இளைஞருக்குக் காட்டுதல் மூத்தோர் கடமை.