தட்டும் சவரக்கத்தியும்

என்னுடன் ஆசிரியப் பணி புரிந்த நண்பர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் இரத்த தானம் செய்யச் சென்றார். சில நாள்களில் அவரை அழைத்து, ஹெப்படைட்டிஸ் பி என்னும் கல்லீரல் நோயின் வைரஸ் அவர் இரத்தத்தில் இருப்பதாகத் தெரிவித்தனர். அவருக்கோ உடலில் ஒரு குறையும் தெரியவில்லை. செய்தி வீட்டை எட்டிய அன்றே அவருக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, திண்ணையில் தனிப் படுக்கை. பேரக் குழந்தையைத் தூக்கவும் தடை. ஆனால், அவரும் மகனும் ஒரே சவரக்கத்தியைப் பயன்படுத்தி வந்ததை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. மற்றவரைச் சொல்வானேன்? அவரைக் காணச் சென்ற நானும், நீட்டிய காப்பியை ஏதோ சாக்குச் சொல்லி மறுத்துவிட்டேன். அந்த அறியாமையைப் போக்கிக்கொள்ள முயன்றபோது கற்றவற்றையே இன்று உங்களிடம் சொல்லுகிறேன்.

குருதி வழிப் பரவும் வைரஸ்களுள் முதன்மையானவை மூன்று: ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி, எச்.ஐ.வி. மூன்றுமே ஆண்டுக்கணக்கில் வெளிக்காட்டாமல் உடலில் தங்கக்கூடியவை. ஆதலால், நலமாகத் தோன்றுபவரிடமிருந்தும் நோய் பரவலாம். உடன் உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ, குழந்தையை அணைப்பதாலோ இவை பரவுவதில்லை. நோயாளியின் இரத்தம் மற்றவர் உடலுக்குள் புகுவதே முதல் வழி. உடலுறவும் ஒரு வழி. தாயிடமிருந்து சேய்க்கும் வரலாம்.

வீட்டில் இரத்தம் எப்படிப் புகும் என்று கேட்பீர்கள். சவரக்கத்தி, பல் துலக்கி, நகவெட்டி ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத துளி ஒட்டியிருக்கும். ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே 7 நாள் வரையிலும் வீரியம் குன்றாதிருக்க வல்லது. அது வளர்ந்தவரைப் பற்றினால், 100 பேரில் 95 பேருக்கு மேல் தாமே தேறிவிடுகின்றனர். பிறந்த குழந்தையைப் பற்றினாலோ, 100இல் ஏறத்தாழ 90 குழந்தைகளுக்கு அது நீங்காத நோயாகிவிடுகிறது. பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் தடுப்பூசி போட வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனாலேயே.

இனி, மருத்துவம் நடக்கும் இடத்திற்கு வருவோம். என் இளமையில் கண்ணாடி ஊசிக்குழலை வெந்நீரில் போட்டு எடுத்து, அடுத்தடுத்துப் பலருக்குப் போடுவார்கள். அவசரத்தில் நீர் கொதித்ததா என்று யார் பார்த்தார்கள்? எகிப்து நாட்டில் இதன் விளைவு பெரிதாயிற்று. நத்தைகளின் வழியாகப் பரவும் ஒரு புழு நோயை ஒழிக்க, 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை மக்களுக்கு ஊசி மருந்து செலுத்தினர். நோக்கம் நல்லதே, ஆனால், சரிவரத் தூய்மை செய்யாத ஊசிகள் ஹெப்படைட்டிஸ் சி வைரஸை ஊர் ஊராகக் கொண்டு சென்றன. அந்த வைரஸ் கண்டறியப்பட்டதோ 1989ஆம் ஆண்டில்தான். பின்னர் அதே நாடு பல கோடிப் பேரைச் சோதித்து, மாத்திரைகளால் குணப்படுத்தி, 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் பாராட்டைப் பெற்றது.

ஊசிமுனையை மட்டும் மாற்றினால் போதும் என்று சிலர் கருதுகின்றனர். அது தவறு. குழலுக்குள்ளும் இரத்தம் ஏறக்கூடும். ஒருவருக்குப் போட்ட ஊசியை மருந்துப் புட்டியில் மீண்டும் நுழைத்தால், புட்டி முழுவதும் கெடும். செவிலியருக்கும் இடர் உண்டு. தடுப்பூசி போடாத ஒருவருக்கு ஹெப்படைட்டிஸ் பி நோயாளியின் ஊசி குத்தினால், 100க்கு 30 வரை தொற்றும் வாய்ப்பு உண்டு. எச்.ஐ.வி.யில் அது 1,000க்கு 3 அளவே.

நண்பரின் வீட்டார் அனைவரும் பின்னர்ச் சோதனை செய்துகொண்டனர். மகனுக்குத் தொற்று இல்லை. தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொண்டார். நண்பரின் தம்பிக்குத் தொற்று இருந்தது. இருவருக்கும் தாயிடமிருந்தே வந்திருக்கலாம் என்றார் மருத்துவர். அவர்கள் இப்போது முறையாக மருத்துவரின் கண்காணிப்பில் இருக்கின்றனர். திண்ணைப் படுக்கை உள்ளே போயிற்று. நானும் ஒரு நாள் சென்று, அன்று மறுத்த காப்பியைக் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

நேயர்களே, சிறு காய்ச்சலுக்கெல்லாம் ஊசி கேட்காதீர்கள். ஊசி தேவையானால், புதிய உறையைக் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். முடிதிருத்தகத்தில் புதிய பிளேடு கேளுங்கள். வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால், அவருடைய தட்டைப் பிரிக்க வேண்டாம். சவரக்கத்தியைப் பிரித்து வையுங்கள்.