தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

2025 டிசம்பர் தொடக்கத்தில் நாடு முழுக்க ஏராளமான விமானங்கள் ரத்தாயின. விடுமுறைக்குப் புறப்பட்ட நேரத்தில் விமானம் இல்லையென்றால் என்ன செய்வோம்? பெங்களூருவில் காரை எடுத்து, ராத்திரியோடு ராத்திரியாகக் கோவைக்கோ மதுரைக்கோ கிளம்பிவிடுவோம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டினால் தொப்பூர் கணவாய். சேலம் பக்கம் போகும்போது இது நீண்ட இறக்கம், வளைவும் உண்டு. அடிக்கடி விபத்து நடக்கும் இடம்.

எரிபொருள் மிச்சமாகும் என்று சிலர் இங்கே வண்டியை நியூட்ரலில் உருட்டுகிறார்கள். அப்போது இன்ஜினின் பிடி போய்விடும். முழுப் பாரமும் பிரேக் மேல். உள்ளங்கைகளை அழுத்தித் தேய்த்தால் சுடுகிறதல்லவா? பிரேக்கும் அப்படித்தான். ஓயாமல் மிதித்தால் சூடேறும், கருகல் வாடை வரும், கடைசியில் பிடிக்காது.

வழி எளிது. இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். தாழ்ந்த கியருக்கு மாறுங்கள். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் போதும்.

கண் சொக்குகிறதா? தருமபுரியிலேயே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, சற்று உறங்கிவிட்டுப் புறப்படுங்கள். மறக்காதீர்கள்: இறக்கத்தில் தாழ்ந்த கியர். நியூட்ரல் வேண்டவே வேண்டாம்!