மஞ்சள் சுடரும் செங்கல் சிவப்பும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"சார், கால் மணி நேரம் பேசுங்க. சயின்ஸா இருந்தாலும் பரவாயில்லை, புரியற மாதிரி இருந்தா போதும்" என்றார் செயலாளர். முப்பது வருஷத்துக்கு மேல் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்தவனிடம் "புரியற மாதிரி" என்றதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று தெரிந்தும் ஒப்புக்கொண்டேன்.

இன்று காலை முதல் வேலையாக நம் பழைய லேபைப் போய்ப் பார்த்தேன். எச்2எஸ் வாசனை வராத குறைதான்! சால்ட் அனாலிசிஸ் வகுப்பை மறந்திருக்க மாட்டீர்கள். வாட்ச் கிளாஸில் உப்பை அமிலம் விட்டுக் குழைத்து, பிளாட்டினம் கம்பியில் தொட்டு, பர்னர் சுடரில் காட்டுவோம். பொன் மஞ்சள் வந்தால் சோடியம். செங்கல் சிவப்பு வந்தால் கால்சியம். மஞ்சள் எதற்கும் வந்து தொலைக்கும். விரல் வியர்வை கம்பியில் பட்டாலே போதும்.

இந்த இரண்டும் நம் உடம்பில் என்ன வேலை செய்கின்றன என்பதை நான் கல்லூரியில் ஊன்றிப் படித்ததில்லை. வீட்டில்தான் கற்றுக்கொண்டேன். அதுவும் ஒரு தப்பு செய்த பிறகு.

என் மனைவிக்குப் பிரஷர் உண்டு. டாக்டர் நீர் பிரிவதற்கான மாத்திரை ஒன்றைக் கொடுத்து, "உப்பைக் குறைச்சுக்குங்கம்மா" என்றார். குறைக்கச் சொன்னதை நான் நிறுத்தச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். ஊறுகாய் ஜாடி பரண் ஏறியது. ரசத்தில் உப்பில்லை, மோரிலும் உப்பில்லை. அக்னி நட்சத்திரம் வேறு. "நிறையத் தண்ணி குடி" என்று மணிக்கொரு தரம் சொம்பை நீட்டினேன். பெரிய அக்கறை என்று எனக்கு நினைப்பு!

சில நாளில் அவளுக்குச் சோர்வு, குமட்டல். ஒரு நாள் மாலை வாசலைப் பார்த்தபடி, "என்னங்க, அம்மாவை இன்னும் காணோமே?" என்றாள். என் மாமியார் காலமாகி இருபது வருஷம். மறுநாள் காய்ச்சிய பாலை அப்படியே தொட்டியில் கொட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர், "வயசாச்சு இல்லையா சார், மறதி வரத்தான் செய்யும்" என்றார். நானும் நம்பிவிட்டேன். இரண்டு நாள் வீணாயிற்று. மூன்றாம் நாள் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே இருந்த டியூட்டி டாக்டருக்கு என் மாணவியாக இருக்கிற வயசு. ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "சார், அம்மாவுக்கு சோடியம் 114-தான் இருக்கு. 135-லேர்ந்து 145-க்குள்ளே இருக்கணும். என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்று கேட்டது அந்தப் பெண். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு மஞ்சள் சுடரைக் காட்டியவன், பேச்சற்று நின்றேன்.

இனி, அன்று முதல் நான் தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

நரம்பு என்பது மின்சாரக் கம்பி மாதிரி என்று சொல்வோம். ஆனால் கம்பியில் ஓடுவது எலக்ட்ரான். நரம்பில் நகர்வது அயனிகள். நரம்புச் செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். சும்மா இருக்கும்போது உட்பக்கம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னாக இருக்கும். தூண்டுதல் வந்ததும் சவ்வில் உள்ள சோடியக் கதவுகள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. கண நேரத்துக்கு உட்பக்கம் நேர்மின்னாகிறது. அடுத்த கதவு திறக்கிறது, அதற்கடுத்தது திறக்கிறது. செய்தி ஓடுகிறது. பருமனான நரம்புகளில் அதன் வேகம் விநாடிக்கு 100 மீட்டர் வரை போகும்.

இதைக் கண்டுபிடிக்க உதவியது கடலில் வாழும் கணவாய். அதன் ராட்சத நரம்பிழை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பருமனானது. ஹாட்ஜ்கினும் காட்ஸும் அதைச் சுற்றியுள்ள நீரில் சோடியத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். மின் துடிப்பின் உயரமும் குறைந்தது. இதை 1949-ல் வெளியிட்டார்கள். 1952-ல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் முழுக் கணக்கையும் எழுதினார்கள். 1963-ல் இவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

செய்தி நரம்பின் முனைக்கு வந்துவிட்டது. அடுத்த செல்லுக்கு இடையில் ஒரு சின்ன இடைவெளி. சோடியத்தால் ஏற்பட்ட மின் துடிப்பு அதைத் தாண்டாது. இங்கேதான் கால்சியம் வருகிறது. முனையில் உள்ள கால்சியக் கதவுகள் திறக்க, உள்ளே நுழையும் கால்சியம், வேதிப்பொருள் நிரம்பிய குட்டிப் பைகளைச் சவ்வோடு ஒட்டித் திறக்க வைக்கிறது. அந்தப் பொருள் எதிர்க்கரை சேர்ந்ததும் செய்தி தொடர்கிறது. சுருக்கமாகச் சொன்னால், சோடியம் தபாலைச் சுமந்து ஓடுகிறது. கால்சியம் கதவைத் தட்டி டெலிவரி கொடுக்கிறது.

ஏன் இந்த வேலைப் பங்கீடு? நம் துறைக்காரர்கள் கவனியுங்கள். இரண்டு அயனிகளும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆரம் சுமார் 1 ஆங்ஸ்ட்ராம். வித்தியாசம், மின்சுமை ஒன்றா இரண்டா என்பதே. ஒற்றைச் சுமையுள்ள சோடியம் எதிலும் அழுந்த ஒட்டாது, ஓடிக்கொண்டே இருக்கும். இரட்டைச் சுமையுள்ள கால்சியம் புரோட்டீனை இறுகப் பிடித்து அதன் வடிவத்தையே மாற்றிவிடும். பாஸ்பேட்டைக் கண்டால் வீழ்படிவாகும். செல்லுக்குள்ளோ எங்கும் பாஸ்பேட். அதனால் செல் கால்சியத்தை விடாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே. அவ்வளவு குறைவாக இருப்பதால்தான் துளி நுழைந்தாலும் அது ஒரு சேதி ஆகிறது.

கால்சியத்தின் அருமை தெரிந்ததும் ஒரு லேப் தவறால்தான். லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். பிறகுதான் தெரிந்தது, கரைசல் வாலைவடிநீரில் தயாரித்ததல்ல, குழாய்த் தண்ணீரில் தயாரித்தது என்று. வாலைவடிநீருக்கு மாற்றியதும் துடிப்பு அடங்கியது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் இதயத்தை நடத்தியிருக்கிறது! 1883-ல் அதை அவரே ஒளிக்காமல் எழுதினார். நாமாக இருந்தால் ரெகார்டு நோட்டில் ரீடிங்கை மாற்றியிருப்போம்.

இன்னொன்று. செல்லுக்கு வெளியே உள்ள கால்சியம் சோடியக் கதவுக்குக் காவல்காரன் மாதிரி. ரத்தத்தில் கால்சியம் மிகவும் குறைந்தால் அந்தக் கதவுகள் சின்னத் தூண்டுதலுக்கே திறந்துவிடும். விரல்கள் மரத்து, கை தானாக மடங்கி இழுத்துக்கொள்ளும். எலும்புக்கு மட்டும்தான் கால்சியம் என்று இனி சொல்லாதீர்கள்.

சரி, என் மனைவிக்கு நேர்ந்தது என்ன? மாத்திரை சோடியத்தை வெளியேற்றியது. நான் சாப்பாட்டில் அதை அடைத்தேன். மேலே தண்ணீரை ஊற்றினேன். ரத்தம் நீர்த்தது. ஆஸ்மாசிஸ் விதிப்படி தண்ணீர் மூளைச் செல்களுக்குள் புகுந்தது, அவை வீங்கின. மண்டை ஓட்டுக்குள் வீங்க இடம் ஏது? அதுதான் அந்தக் குழப்பம். "உடனே நிறைய ஏத்திடுங்க டாக்டர்" என்று நான் பதறினேன். "வேகமா ஏத்தினா மூளைக்கே ஆபத்து சார், நிதானமாத்தான் ஏத்தணும்" என்றது அந்தப் பெண். ஐந்தாம் நாள் காலையில் இவள் என்னைப் பார்த்து, "ஊறுகாய் ஜாடியை எங்க வெச்சீங்க?" என்றாள். அதைவிட இனிய கேள்வியை என் ஆயுளில் யாரும் கேட்டதில்லை.

நான் டாக்டர் இல்லை. ஆனாலும் இந்த அரங்கில் பாதிப் பேர் பிரஷர் மாத்திரைக்காரர்கள் என்பதால் சொல்கிறேன். உப்பு அதிகமானால் கெடுதல்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதைக் கேட்டுவிட்டு மதியச் சாப்பாட்டில் அப்பளத்தை அடுக்காதீர்கள்! ஆனால் நீங்களாக உப்பை அடியோடு நிறுத்தாதீர்கள். எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர் என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது திடீரென்று தடுமாறிப் பேசினால், "வயசாச்சு" என்று ஒதுக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள். சோடியமும் பார்க்கச் சொல்லுங்கள். மறதி நோய் என்று நாம் முத்திரை குத்துவதில் சில, திருப்பிச் சரிசெய்யக் கூடியவை.

அந்த இரண்டு நாள் தாமதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நடுங்குகிறது. உங்களில் ஒருவருக்காவது அந்த இரண்டு நாள் மிச்சமானால், இந்தக் கல்லூரி எனக்குக் கற்றுத் தந்த கெமிஸ்ட்ரிக்கு நான் பட்ட கடன் கொஞ்சம் தீரும்.