தகரமும் வேப்பிலையும்

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘பெருந்தொற்றுக் காலத்தில் பொதுமக்களின் அறிவும் மனப்பான்மையும்’ என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கொரோனாதான் முடிந்துபோன கதையாயிற்றே, இப்போது எதற்கு என்று நேற்று ஒரு நண்பர் கேட்டார். முடிந்ததால்தான் பேச முடிகிறது என்றேன். அன்று பேசச் சொல்லியிருந்தால் நானும் கைகழுவும் முறையை வரிசையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

பொதுச் சுகாதாரத் துறையினர் மக்களிடம் ஆய்வு நடத்தும்போது மூன்று பகுதிகளாகக் கேள்வி கேட்பார்கள். நோயைப் பற்றி என்ன தெரியும், அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள். அறிவு, மனப்பான்மை, நடைமுறை. முதலாவது வந்துவிட்டால் மற்ற இரண்டும் தானாகப் பின்னால் வரும் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். பாடம் நடத்துகிறவனுக்கு அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் தொழில் நடக்காது, இல்லையா?

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அதற்கு முன்பே பள்ளிகளை மூடிவிட்டார்கள். ஜூன் மாதம் எங்கள் எட்டாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 20 கேள்விகள் கொண்ட ஒரு வினாடி வினா நடத்தினேன். கைப்பேசி இருந்த வீட்டுப் பிள்ளைகள் எழுதினார்கள். இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுக் கைப்பேசியில் எழுதினார்கள். வைரஸின் மேலே உள்ள கொழுப்பு உறையைச் சோப்பு உடைக்கிறது என்பதுவரை சரியாக எழுதியிருந்தார்கள். மூன்று பேர் 20-க்கு 20. எனக்கு ஒரே பெருமை. மதிப்பெண் பட்டியலைத் தலைமையாசிரியருக்கும் அனுப்பி வைத்தேன்.

பிள்ளைகள் மட்டுமல்ல, ஊரே படித்திருந்தது. யாருக்குப் போன் செய்தாலும் முதலில் இருமல் சத்தம், பிறகு அறிவுரை. நாம் எதிர்க்க வேண்டியது நோயைத்தான், நோயாளியை அல்ல என்று அதில் ஒரு வரி வரும். எங்கள் ஊர் டீக்கடையில் அதை அந்தக் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறவர்கள் இருந்தார்கள். மனப்பாடம் நூற்றுக்கு நூறு.

எங்கள் ஊர் ஆரணிப் பக்கம். பட்டுத் தறி உள்ள வீடுகள் அதிகம். ஆகஸ்டில் எங்கள் தெருக்களிலும் தகரம் வந்தது. ஒரு வீட்டில் பாசிட்டிவ் என்றால் வாசலில் ஒட்டுத்தாள், குறுக்கே தகரம், சுற்றிலும் பிளீச்சிங் பவுடர். பரவாமல் தடுக்கத்தான் செய்தார்கள். அடித்தவர்கள் மேல் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்களும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தத் தகரம் என்ன சொல்லிற்று என்பதை நான் ஒரு வருடம் கழித்து ஒரு மாணவியிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

2021 செப்டம்பர் 1-ஆம் தேதி ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வகுப்புகள் திறந்தன. இரண்டாவது வாரம் என்று நினைவு. தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூள் தூவி, சோப்பு தொட்ட விரலை வைத்தால் தூள் விலகி ஓடுமே, அந்தச் சோதனையைச் செய்து காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். 20-க்கு 20 வாங்கிய ஒரு பெண் மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் கூப்பிட்டுக் கேட்டேன். போன வருடம் ஆகஸ்டில் அவளுடைய ஆயாவுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. பிறகு இருமல். பிறகு சாப்பாட்டில் வாசனை தெரியவில்லை என்று ஆயா சொல்லியிருக்கிறார். எட்டு நாள் வீட்டில் யாரும் வெளியே சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் மூச்சுத் திணறி 108-இல் ஏற்றினார்கள். ஆயா திரும்பி வரவில்லை.

“உனக்குத்தான் எல்லா அறிகுறியும் தெரியுமே அம்மா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“தெரியும் சார். தெரிஞ்சதாலதான் சொல்லல” என்றாள்.

சொன்னால் தகரம் வரும். தகரம் வந்தால் முதலாளி பாவு தரமாட்டார். அந்த வீட்டுப் புடவையை யார் தொடுவார்கள்? தறி நின்றால் அந்த வாரக் கூலி இல்லை. தெருக்குழாயில் குடம் வைக்க விடமாட்டார்கள். மூன்றாவது வீட்டில் அப்படித்தான் நடந்தது, அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதனால் வீடியோவில் எல்லோரும் சொன்ன அறிகுறிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, இது அதுதான் என்று உறுதியாகத் தெரிந்துகொண்ட பிறகு, அந்தக் குடும்பம் கதவைச் சாத்திக்கொண்டது.

என் கேள்வித்தாளில் ஏழாவது கேள்வி, ‘அறிகுறி இருந்தால் என்ன செய்ய வேண்டும்?’ என்பது. அவள் சரியாக எழுதியிருந்தாள். ஒரு மதிப்பெண்ணும் போட்டிருந்தேன்.

இதை அறியாமை என்று சொல்ல முடியுமா? அறியாமை இல்லாமலில்லை. கோழிக்கறியில் கொரோனா என்ற வதந்தியில் 2020 மார்ச்சில் கோழி விலை சரிந்தது. திருப்பூர்ச் சந்தையில் ஆட்களின் மேல் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கப்பாதை வைத்து, அதைப் பார்த்து மற்ற ஊர்களிலும் வைத்தார்கள். மனிதர்கள் மேல் தெளிக்காதீர்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுறுத்த வேண்டி வந்தது. அடுத்த வருடம் பொது இடங்களில் கூட்டமாக ஆவி பிடித்தார்கள், அதையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. இவையெல்லாம் எடுத்துச் சொன்னால் தீர்ந்துவிடும் விஷயங்கள். பெரும்பாலும் தீர்ந்தும் போயின. அந்தப் பெண் வீட்டில் நடந்தது அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம் என் மனைவிக்குத் தொற்று வந்தது. வீட்டிலேயே தனிமைப்படுத்திக்கொண்டோம், மருத்துவர் சொன்னதையெல்லாம் செய்தோம், குணமானார். ஆனால் பக்கத்து வீட்டில் கேட்டபோது டைபாய்டு என்று சொன்னேன். பால்காரரிடமும் அதையே சொன்னேன். நான் அறிவியல் ஆசிரியர். மாதச் சம்பளம் நிற்காத அரசு ஊழியர். எனக்கே அந்தச் சொல் வாயில் வரவில்லை என்றால் தறிக்கூலியை நம்பியிருக்கும் வீட்டில் எப்படி வரும்? இதை அந்த மாணவியிடம் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

நம் ஊருக்கு ஒட்டுநோயும் தனிமைப்படுத்தலும் புதிதா என்று யோசித்துப் பாருங்கள். அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தால் யாரும் உள்ளே போகமாட்டார்கள். அந்த வீட்டாரும் விசேஷங்களுக்கு வரமாட்டார்கள். தண்ணீர் ஊற்றும்வரை இதே ஒழுங்குதான். வேலை என்று பார்த்தால் தகரம் செய்ததும் வேப்பிலை செய்ததும் ஒன்றே. ஆனால் வேப்பிலை செருகிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் இளநீர் வெட்டித் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார். ‘அம்மா வந்திருக்கா’ என்று மரியாதையாகச் சொல்வார்கள். மறைக்க வேண்டிய தேவை இல்லை, ஏனென்றால் வேப்பிலையை அந்த வீட்டுக்காரரே செருகினார். தகரத்தை வெளியிலிருந்து வேறொருவர் அடித்தார்.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று பெரியம்மைத் தடுப்பூசியை மறுத்துக் குழந்தைகளைப் பறிகொடுத்த வீடுகளும் இதே நாட்டில்தான் இருந்தன. அந்த நோயை ஒழித்தது தடுப்பூசிதான். வேப்பிலையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. நோய் வந்ததை வாய்விட்டுச் சொன்னவருக்கு அந்தத் தெருவில் என்ன நடந்தது என்பது.

தடுப்பூசி முகாம்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2021 செப்டம்பர் 12-ஆம் தேதி முதல் மெகா முகாம் நடந்தது. உங்களில் பலரைப் போல நானும் பதிவு செய்யும் மேசையில் உட்கார்ந்தேன். வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சந்தேகம். நடிகர் விவேக்கைத்தான் முதலில் சொல்வார்கள். மக்களுக்கு ஊக்கம் வரட்டும் என்று ஏப்ரல் 15-ஆம் தேதி ஊசி போட்டுக்கொண்டார், 17-ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று பிறகு தேசிய ஆய்வுக் குழு சொல்லிற்று. ஆனால் இரண்டு நாள் இடைவெளி மக்கள் மனத்தில் நின்றுவிட்டது. அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால் முதலாவதே காரணம் என்று நினைப்பது மனித இயல்பு. நம் வகுப்பிலும் அப்படித்தானே விடை எழுதுகிறார்கள்?

ஒரு பெரியவர் வேறு கேள்வி கேட்டார். “மொதல்ல 28 நாள்ல ரெண்டாவது ஊசின்னீங்க. அப்புறம் ஆறு வாரம்னீங்க. இப்ப 84 நாள்ங்கிறீங்க. எதுய்யா நெசம்?” முகக்கவசத்திலும் இப்படித்தான் நடந்தது. நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் அணிந்தால் போதும் என்று தொடங்கி, பிறகு எல்லோரும் அணிய வேண்டும் என்றார்கள். இடைவெளி கூடினால் எதிர்ப்பாற்றல் நன்றாக உருவாகிறது என்று ஆய்வுகள் காட்டியதால் மாற்றினார்கள் என்று விளக்கினேன். தட்டுப்பாடு வந்த அதே நேரத்தில் மாற்றினார்களே என்றார். விவரமான மனிதர். அவரிடம் நான் தோற்றுத்தான் போனேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அறிவியல் தன் விடையைத் திருத்திக்கொள்ளும் என்பதை நான் எந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன்? புத்தகத்தில் இருக்கும் விடைக்கு மதிப்பெண், இல்லாவிட்டால் சுழியம். இப்படியே பத்து வருடம் படித்து வெளியே போனவர்களுக்கு, நேற்றைய விடை இன்று மாறினால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றும். அந்தப் பெரியவர் எங்கள் பள்ளியில்தான் படித்தவர்.

அன்று ஊசி போட வைத்தவர் நான் இல்லை, கிராம சுகாதார செவிலியர். ஒரு பாட்டி வரிசையிலிருந்து விலகிப் போனார். செவிலியர் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “காய்ச்சல் வரும் பாட்டி, வராதுன்னு சொல்லமாட்டேன். எனக்கும் வந்துச்சு. ராத்திரி இந்த மாத்திரை ஒண்ணு போடு. நாளைக்குக் காலையில உன் வீட்டுக்கு வரேன்.” அவ்வளவுதான். பாட்டி திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுநாள் செவிலியர் சொன்னபடி போனாரா என்று விசாரித்தேன். எட்டு மணிக்கே போயிருந்தார்.

இந்த ஆண்டு அந்தப் பழைய 20 கேள்விகளை எடுத்துப் பார்த்தேன். 17 கேள்விகளை அப்படியே வைத்துக்கொண்டு மூன்றை மாற்றியிருக்கிறேன். ஒன்று: ‘உன் தெருவில் ஒரு வீட்டில் தொற்று என்று தெரிகிறது. அந்த வீட்டுக்குத் தண்ணீர்க் குடம் யார் கொண்டுபோய் வைப்பது, எங்கே வைப்பது?’ இரண்டு: ‘போன மாதம் சொன்னதை மருத்துவர்கள் இந்த மாதம் மாற்றிச் சொல்கிறார்கள். அதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம்?’ மூன்று: ‘உன் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல். வெளியே சொல்ல உனக்குத் தயக்கமாக இருந்தால், எதற்காகத் தயங்குவாய்?’

மூன்றாவது கேள்வியை அந்த மாணவியிடம் காட்டித்தான் திருத்தினேன். இப்போது அவள் எங்கள் பள்ளியில் இல்லை, மேல்நிலைக்கு ஆரணிக்குப் போய்விட்டாள். ‘தயங்கக் கூடாது ஏன்?’ என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, இப்போது இருக்கிறபடி மாற்றியது அவள்தான். இதற்கு மதிப்பெண் கிடையாது என்று அடைப்புக்குறிக்குள் எழுதச் சொன்னதும் அவள்தான்.

படிகள் எடுத்து வந்திருக்கிறேன். 40 இருக்கின்றன. தேநீர் இடைவேளையில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகள் மூன்றாவது கேள்விக்கு எழுதும் பதில்களை, பெயரில்லாமல், அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வாய்மொழியாகக் கேட்டாலும் போதும்.