சாவி யாரிடம் இருக்க வேண்டும்?



ஒரு படிப்பகத்தை நடத்தும் கமிட்டிக்கும், அங்கே உட்கார்ந்து வேலை பார்க்கும் நூலகருக்கும் இடையே இருக்கவேண்டிய உறவைப் பற்றி இன்று உங்களோடு சில நிமிடங்கள் பேச விரும்புகிறேன். "இதுவும் ஒரு பேச்சா? புத்தகம் இருந்தால் படிப்பகம் தானாக நடக்காதா?" என்று நீங்கள் கேட்கலாம். நடக்காது, நேயர்களே. நான் பட்டவன், அதனால் சொல்கிறேன்.

என் இளமைக் காலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், ஸ்டோரில் வேலை செய்துகொண்டிருந்தேன். நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு படிப்பகம் தொடங்கினோம். லயத்தின் ஓரத்தில் காலியாகக் கிடந்த ஓர் அறை, கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி, ஏறக்குறைய இருநூறு புத்தகங்கள். நான்தான் செயலாளர். மூன்றாம் படிவம் வரை படித்துவிட்டு வீட்டிலிருந்த ஒரு பெண்ணை, மாதம் ஏதோ சிறு தொகை கொடுத்து, பார்த்துக்கொள்ளச் சொன்னோம். கெட்டிக்காரப் பெண். ஒரு நோட்டில் கோடு போட்டு, யார் எந்தப் புத்தகம் எடுத்தார், எப்போது திருப்பினார் என்று எழுதி வைத்தாள். பால்வெட்டு முடிந்து, குளித்துச் சமைத்துவிட்டு வரும் பெண்களுக்குத் தானே ஒரு பக்கம் படித்துக் காட்டி, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்வாள். மூன்று மாதத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

ஆனால் அலமாரிச் சாவி மட்டும் என்னிடம் இருந்தது. செயலாளர் என்றால் சாவி வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எனக்கு இரவு வேலை வந்தால் அலமாரி திறக்காது. பிள்ளைகள் கண்ணாடி வழியாகப் புத்தகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். "சிறுவர் கதைப் புத்தகம் வாங்குங்கள் அண்ணே" என்று அவள் பலமுறை கேட்டாள். நாங்களோ கமிட்டியின் கௌரவத்துக்காகத் தடித்தடியான இலக்கிய உரைகளை வாங்கி அடுக்கினோம். கடைசியில் ஒருநாள், எங்கள் பொருளாளர் நாற்பது புத்தகங்களை எடுத்துப் பக்கத்துத் தோட்டத்து விளையாட்டு விழாவுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு சிறுவன் வந்து தான் பாதி படித்த புத்தகத்தைக் கேட்டபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

மறுநாள் என் வீட்டுக்கு வந்தாள். "சாவி உங்களிடம் இருக்கிறது அண்ணே. இந்த நோட்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, நோட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த மழைக்காலத்துக்குள் அலமாரியில் கறையான் ஏறிவிட்டது.

அவள்மீது எங்களுக்குக் கோபமோ பகையோ கிடையாது. எது எங்கள் வேலை, எது அவள் வேலை என்று ஒருநாளாவது உட்கார்ந்து பேசவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

நம் கோயிலை நினைத்துப் பாருங்கள். கோயில் கமிட்டி திருவிழாவுக்கு நாள் குறிக்கிறது, பணம் சேர்க்கிறது, கணக்குக் காட்டுகிறது, பூசாரியை நியமிக்கிறது. அதற்காகத் தலைவர் கருவறைக்குள் போய்க் கற்பூரம் காட்டுவதில்லை. பூசாரியும் உண்டியலை உடைத்து எண்ணுவதில்லை. பெரிய நூலகங்களிலும் இதே முறைதான். அமெரிக்காவில் நகர நூலகங்களை மேற்பார்க்கும் குழுவினருக்கு அறங்காவலர்கள் என்ற பொருள்படும் பெயரே உண்டு. போஸ்டன் நகரப் பொது நூலகத்தின் அறங்காவலர்கள் 1852-ஆம் ஆண்டிலேயே ஓர் அறிக்கை எழுதினார்கள். சாதாரண மக்கள் விரும்பிப் படிக்கும் புத்தகங்களைப் பல பிரதிகள் வாங்கி, வீட்டுக்கு எடுத்துப்போக இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்று அதில் வற்புறுத்தினார்கள். நூலகம் எதற்காக, யாருக்காக என்று தீர்மானிப்பது குழுவின் வேலை. எந்தப் புத்தகம், எந்த அடுக்கு, எந்த வாசகருக்கு எது பொருந்தும் என்று பார்ப்பது நூலகரின் வேலை.

நல்ல காலத்தில் இந்தப் பிரிவினை யாருக்கும் பெரிதாகத் தெரியாது. வெளியிலிருந்து ஒருவர் புகாரோடு வரும்போதுதான் தெரியும். இதற்கு ஓர் உண்மை வரலாற்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் பார்ட்டில்ஸ்வில் என்றோர் ஊர். எண்ணெய்க் கம்பெனியால் வளர்ந்த ஊர். நமக்குத் தோட்டக் கம்பெனி போல, அங்கே எண்ணெய்க் கம்பெனி. அந்த ஊர் நூலகத்தில் ரூத் பிரௌன் என்ற அம்மையார் 1919-ஆம் ஆண்டு முதல் நூலகராக இருந்தார். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேசையில் உட்காரக்கூடாது என்றிருந்த காலம் அது. இந்த அம்மையார் வெள்ளைக்காரர்தான். ஆனால் இனச் சமத்துவத்துக்காகப் பாடுபட்ட ஒரு குழுவில் சேர்ந்திருந்தார். 1950-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், கறுப்பின ஆசிரியைகள் இருவரோடு ஊரிலிருந்த ஒரு மருந்துக்கடையின் சிற்றுண்டிப் பகுதிக்குப் போய் உட்கார்ந்தார். அவர்களுக்கு எதுவும் பரிமாற மறுத்துவிட்டார்கள்.

சில நாட்களில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் கூடி நகராட்சியிடம் புகார் கொடுத்தார்கள். மருந்துக்கடைக்குப் போனதைப் பற்றி அல்ல! நூலகத்தில் ஆட்சேபத்துக்குரிய பத்திரிகைகள் இருக்கின்றன, கம்யூனிசம் பரவுகிறது என்று புகார். மனத்தில் இருந்தது ஒன்று, மனுவில் எழுதியது வேறொன்று. இந்தத் தந்திரம் நமக்குப் புதிதல்லவே.

புகாரை விசாரிக்கும்படி நகராட்சி நூலகக் குழுவிடம் சொன்னது. அந்தக் குழுவினர் நினைத்திருந்தால், "எங்களுக்குத் தெரியாது, எல்லாம் அந்த அம்மா வாங்கிப் போட்டது" என்று கையைக் கழுவியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. குற்றம் சொல்லப்பட்ட பத்திரிகைகள் நூலகத்தில் ஒரு சிறு பகுதிதான், நாட்டுக்கு விரோதமாக எதையும் தாங்கள் காணவில்லை என்று தெரிவித்தார்கள். நகராட்சி என்ன செய்தது தெரியுமா? சட்டத்தை மாற்றி, அந்தக் குழுவையே நீக்கிவிட்டு, வேறு குழுவைப் போட்டது. 1950 ஜூலை 25-ஆம் நாள் பிரௌன் அம்மையாரையும் வேலையிலிருந்து நீக்கியது. முப்பது ஆண்டுச் சேவை! அவருடைய நண்பர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அது மாநில உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

தோற்ற கதையை ஏன் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். அந்தப் பழைய குழுவினரால் அவருடைய வேலையைக் காப்பாற்ற முடியவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் தவறு செய்யவில்லை என்று எழுத்தில் இருக்கிறது. எழுதியவர்கள் அவரை மேற்பார்த்த குழுவினரே. அந்தக் குழுவும் நாற்காலிக்காக நூலகரைக் காட்டிக்கொடுக்கவில்லை. இந்தச் சம்பவத்தைத் தழுவி 1956-ஆம் ஆண்டு ஒரு திரைப்படமும் வந்தது. 2007-ஆம் ஆண்டு அதே நூலகத்தில் அந்த அம்மையாருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

நம் நூலகர் சீர்காழி ரங்கநாதனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சில நாட்களிலேயே அலுத்துப்போய், பழைய வேலையையே கொடுங்கள் என்று கேட்டார். நிர்வாகம் முரண்டு பிடிக்கவில்லை. லண்டனுக்குப் போய் நூலகத் தொழிலைப் படித்து வாருங்கள், வந்த பிறகும் பிடிக்காவிட்டால் பழைய வேலை உங்களுக்கே என்று ஏற்பாடு செய்தது. 1925-இல் திரும்பி வந்தவர், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்த நூலகத்தை விட்டு நகரவில்லை. உலகமே அறிந்த அவருடைய நூலக விதிகள் ஐந்தும் 1931-இல் புத்தகமாக வந்தவை. நாங்கள் அந்தப் பெண்ணை ஒருநாளாவது பட்டணத்து நூலகத்துக்கு அனுப்பி, அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவரச் சொல்லியிருக்கலாம். பஸ் செலவு ஒன்றும் பெரிய தொகை அல்ல. எங்களுக்குத் தோன்றவில்லை.

கமிட்டியில் இருப்பவர்களுக்கு இன்னும் சில சொல்கிறேன். கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தால்தான் அது கமிட்டியின் சொல். தலைவரோ பொருளாளரோ வழியில் நூலகரைப் பார்த்து, "இதைச் செய், அதை எடு" என்று தனியாக உத்தரவு போடக்கூடாது. நூலகரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, தேநீர் ஊற்ற அல்ல, நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். அவர்மேல் குறை இருந்தால் நேரில் சொல்லுங்கள். கள்ளுக்கடையிலும் கோயில் வாசலிலும் பேசாதீர்கள். ஒரு புத்தகத்தைப் பற்றி யாராவது புகார் சொன்னால், எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு கமிட்டியில் இரண்டு பேராவது அந்தப் புத்தகத்தை முழுவதும் படித்துவிட்டு, நூலகரையும் கேட்டு முடிவு செய்யுங்கள். பாதிப் புகார்கள் அட்டைப் படத்தைப் பார்த்து வருபவை.

நூலகராக இருக்கும் தம்பி தங்கைகளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புத்தகம் தொலைந்தாலும் காசு குறைந்தாலும் அன்றே சொல்லிவிடுங்கள். கமிட்டிக்கு அதை முதலில் சொல்பவர் வேறொருவராக இருக்கக்கூடாது. எங்கள் பெண் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தாள். ஆனால் ஒரு கூட்டத்திலும் அதை விரித்துக் காட்டவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நான் இருந்த தோட்டம் துண்டாடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அங்கிருந்தவர்களில் பலர் இப்போது பட்டணத்தை ஒட்டிய தாமானில் இருக்கிறோம். சில மாதங்களுக்கு முன் அங்கே இளைஞர்கள் படிப்பகம் தொடங்கப்போவதாகச் சொல்லி, வயதானவன் என்று என்னையும் கமிட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் கூட்டத்தில், ஏதாவது சொல்லுங்கள் ஐயா என்றார்கள். நான் எழுந்து, அலமாரிக்கு எத்தனை சாவி என்று கேட்டேன். இரண்டு என்றார்கள். ஒன்றை நூலகராக வரப்போகும் பெண்ணிடம் இப்போதே கொடுங்கள், மற்றொன்றை உறையில் போட்டு ஒட்டி வையுங்கள் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் கொடுத்துவிட்டார்கள்.